நிலைக்கதவில் மண் கோடு: கரையான் ராணியைத் தேடித் தரையை உடைக்கணுமா?

கேள்வி (வாசகர், கும்பகோணம் பக்கம்), 6 அக்டோபர் 2024

வீடு கட்டி பதினாறு வருஷம் ஆகுது. வாசல் நிலைக்கால் அடியிலிருந்து பென்சில் கனத்துல மண் கோடு ஒன்று ஏறியிருந்துச்சு. துடைச்சு எடுத்துட்டு மண்ணெண்ணெய் தடவினேன், போயிடுச்சு. இப்போ படுக்கையறை அலமாரிக்குப் பின்னால அதே கோடு. மருந்தடிக்க வந்தவர், "ராணி உங்க வீட்டுக்கு அடியில இருக்கு, தரையை உடைச்சு அதைக் கொன்னாத்தான் தீரும்" என்கிறார். வீட்டுல எல்லாரும் பயந்துபோய் இருக்காங்க. நிஜமாவே உடைக்கணுமா?

6 அக்டோபர் 2024, இரவு

உடைக்க விடாதீர்கள்.

ராணி உங்கள் வீட்டுக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது. தோட்டத்து மூலையில் இருக்கலாம், பக்கத்து மனையில் இருக்கலாம், தெருவோரம் வெட்டிச் சாய்த்த மரத்தின் வேருக்கடியில் இருக்கலாம். கரையான் மண்ணுக்குள்ளேயே வெகுதூரம் வந்து இரை எடுத்துப் போகும். நம் பக்கம் வீட்டுக்குள் வருவதில் பெரும்பாலானது மண்ணில் குடியிருக்கும் வகை. உடம்பு மெல்லிய தோல். காற்றுப் பட்டால் காய்ந்துவிடும். அதனால்தான் மண்ணால் மூடிய பாதை கட்டிக்கொண்டு வருகிறது. மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே அதற்கு இருக்கும் வழியை வெட்டிவிட்டால், மரத்தில் இருப்பவை ஈரமில்லாமல் சாகும். ராணி இருக்கிற இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். சில இனங்களில் ராணி செத்தால் அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிடும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கட்டட வேலை மேற்பார்வைதான் என் தொழில். பழைய வீட்டுப் பழுதுகளுக்குத்தான் இப்போது அதிகம் கூப்பிடுகிறார்கள். தரையை உடைத்து ராணியைத் தேடிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். டைல்ஸ் செலவு மிஞ்சியது, கரையான் அடுத்த அறைக்குப் போனது.

இன்னொன்று: கோட்டைத் துடைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

7 அக்டோபர்

ஏன் துடைக்கக் கூடாது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காட்டும் ஒரே தடயம் அந்தக் கோடு. வழித்துப்போட்டால் மருந்து போட வருபவருக்கு எங்கே துளை போடுவது என்று தெரியாது. கரையானுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை; உள்ளே அடைத்துக்கொண்டு இன்னொரு விரிசலைப் பிடிக்கும். அதற்கு ஒரு மில்லிமீட்டர் விரிசல்கூடத் தாராளம். மண்ணெண்ணெய் தடவியதால் உங்கள் வாசலில் நின்றது அலமாரிக்குப் பின்னால் கிளம்பியது அப்படித்தான். கரப்பான் ஸ்ப்ரே அடித்தாலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரிகிற நூறு சாகும்.

செய்ய வேண்டியது இது. கோட்டின் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் மட்டும் உடைத்துவிடுங்கள். மேலும் கீழும் தொடாதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஈரமண்ணால் அடைத்திருந்தால் பாதை உயிரோடு இருக்கிறது. அடைக்காமல், தொட்டதும் பொடிந்தால் பழைய பாதை. பழையது என்பதால் வீட்டை விட்டே போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம், வழி மாற்றியிருக்கலாம்.

செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு தாளில் குறியுங்கள். பிறகு இது உதவும்.

7 அக்டோபர், மாலை

கோடே இல்லாமல் உள்ளே தின்றுகொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. நான் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் நிலை, ஜன்னல் சட்டம், அலமாரிச் சட்டம் எல்லாவற்றையும் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே போவேன். கெட்டிச் சத்தம் திடீரென்று தொளதொள என்று மாறும் இடத்தில் நிறுத்தி, முனையால் மெதுவாக அழுத்துவேன். பெயின்ட் தோல் மட்டும் நின்று உள்ளே மண்ணும் கூடுமாக இருக்கும். பெயின்ட் கொப்பளித்த மாதிரி எழும்புவதும், கதவு திடீரென்று இறுகுவதும் இதனாலும் இருக்கலாம். கதவு மழைக்காலத்தில் மரம் ஊறியும் இறுகும், அதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள்.

எல்லாரும் விடுகிற இடம் ஸ்விட்ச் போர்டு. சுவருக்குள் மின்கம்பி ஓடும் கன்ட்யூட் பைப் கரையானுக்குத் தயாராக இருக்கும் சாலை. திருச்சியில் ஒரு வீடு, இரண்டாம் மாடிப் பரண் பலகை முழுக்கப் போய்விட்டது, தரைத்தளத்தில் ஒரு கோடு கிடையாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினால் பெட்டி நிறைய மண்.

9 அக்டோபர்

நாகப்பட்டினத்து வாசகி அனுப்பிய படம் கரையான் மண்ணே இல்லை. கட்டிலுக்குக் கீழே குவிந்திருப்பதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள் அக்கா.

மாவாக, பவுடர் மாதிரி இருந்தால் வண்டு. மரத்தில் குண்டூசித் தலை அளவில் வட்டத் துளைகள் இருக்கும். ரப்பர் மரம், மூங்கில், எந்த மரமானாலும் அதன் வெளிறுப் பகுதி (வைரம் பாயாத ஓரம்), இவைதான் அதற்கு இரை. இதைத்தான் பெரியவர்கள் மரம் உளுத்துப்போச்சு என்பார்கள்.

மாவாக இல்லாமல் கசகசா மாதிரி கெட்டியான மணிகளாக, விரலிடுக்கில் மணல்போல வழிந்தால் அது உலர்மரக் கரையான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். இந்த வகைக்கு மண்ணும் வேண்டாம், கோடும் வேண்டாம்; கட்டிலுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். கடலோர ஈரக்காற்றில் அதிகம் வரும்.

மண்ணிலிருந்து வரும் வழியை வெட்டுவது என்று நான் மேலே எழுதிய வைத்தியம் இரண்டுக்கும் செல்லாது. உலர்மரக் கரையானுக்கு அந்த மரத்துக்குள்ளேயே ஊசி போட வேண்டும், அல்லது அந்தச் சாமானையே வெளியேற்ற வேண்டும். வெயிலில் போட்டால் சாகுமா என்கிறீர்கள். மரத்தின் நடுப்பகுதி 50 டிகிரிக்கு மேல் சூடேறி நின்றால் சாகும். தடித்த கட்டில் காலில் வெயில் அவ்வளவு உள்ளே போகாது. மெல்லிய சட்டமானால் முயன்று பார்க்கலாம்.

வண்டுக்கு, பாலிஷ் போடாத மரமானால் போரிக் ஆசிட்டும் வெண்காரமும் கரைத்த நீரைப் பூசி ஊறவிடலாம். பாலிஷ் இருந்தால் இறங்காது, சுரண்ட வேண்டும். மழைபடும் இடத்தில் இது கரைந்து போய்விடும்.

13 அக்டோபர்

நேற்று பெய்த மழைக்கு எல்லா ஊரிலிருந்தும் ஈசல் படம் வந்து குவிந்திருக்கிறது. "டியூப்லைட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கில், வீடு போச்சா?" என்று ஒருவர்.

போகவில்லை. ஈசல், அதாவது சிறகு முளைத்த கரையான், வெளியே புற்றிலிருந்து கிளம்பி வெளிச்சத்துக்கு வரும், சிறகை உதிர்க்கும், ஜோடி சேர்ந்து மண்ணைத் தேடும். பெரும்பாலானவை பல்லிக்கும் தவளைக்கும் கோழிக்கும் போய்விடும். ஜன்னல் வழியாக வந்தது என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு: ஜன்னல் சாத்தியிருக்கும்போதே நிலை இடுக்கிலிருந்தோ, சுவரும் தரையும் சேரும் மூலையிலிருந்தோ ஈசல் புறப்பட்டால். அல்லது பூட்டிக் கிடந்த அறையின் ஜன்னல் விளிம்பில் உதிர்ந்த சிறகுகள் குவிந்திருந்தால். ஈசல் விடும் அளவுக்கு ஒரு கூட்டம் வளரச் சில வருஷம் பிடிக்கும். அப்படியானால் அது வீட்டோடு பழைய சொந்தம்.

பறக்கும் எறும்பையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பே கிடையாது, மீசை நேராக மணிகோத்த மாதிரி இருக்கும். எறும்புக்கு முன்சிறகு பெரிது, இடுப்பு ஒட்டி, மீசை முழங்கைபோல மடங்கும். வெள்ளை எறும்பு என்று சொன்னாலும் கரையான் எறும்பே அல்ல, கரப்பான் பூச்சியின் குடும்பத்தில் சேர்த்தி.

14 அக்டோபர்

ஈசல் சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். ஆமாம், வறுத்த ஈசலும் பொரியும் சாப்பிட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் மருந்து போட்ட வீட்டில் பிடித்ததைத் தொடாதீர்கள்.

20 அக்டோபர்

கும்பகோணத்துக்காரர் வரைபடம் அனுப்பினார். குறித்துவைத்தது வீண் போகவில்லை: வாசல் நிலை, அலமாரி, இரண்டுக்கும் நடுவே குளியலறைச் சுவர். அந்தச் சுவரின் வெளிப்பக்கம் குழாய் கசிந்து சுவர் அடி எப்போதும் ஈரமாம்.

மருந்துக்கு முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்றேன். கசிவு இருக்கும்வரை எந்த மருந்தும் பாதி வேலைதான் செய்யும். மண்ணிலிருந்து தொடர்பை வெட்டினாலும் சுவர் ஈரத்தை வைத்தே கொஞ்ச காலம் ஓட்டிவிடும்.

இன்னொரு காரணத்தை எந்த வீட்டுக்காரரும் பார்த்திருக்க மாட்டார், நாங்கள் பார்த்திருக்கிறோம். பேஸ்மென்ட் நிரப்பும்போது சென்ட்ரிங் பலகைத் துண்டு, முட்டுக்கட்டை, சிமென்ட் பை எல்லாவற்றையும் உள்ளேயே தள்ளி மண் போட்டு மூடுவார்கள். தரைக்கு அடியில் கரையானுக்குப் பந்தி வைத்தாயிற்று. அதைத் தின்று முடித்த பிறகு மேலே நிலைக்கதவைத் தேடி வரும். புது வீடு கட்டுபவர் யாராவது இதைப் படித்தால், மண் நிரப்பும் அன்று ஒருமணி நேரம் போய் நில்லுங்கள். பொறுக்கி எடுக்கச் செலவே இல்லை.

2 நவம்பர்

"மருந்து போட ஆறாயிரத்துக்கு ஒருவர், இருபதாயிரத்துக்கு ஒருவர் சொல்கிறார்கள், எதை நம்ப?"

ரூபாயைப் பார்க்காதீர்கள், லிட்டரைப் பாருங்கள். கட்டி முடித்த வீட்டுக்கு எப்படிப் போட வேண்டும் என்று இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 6313, மூன்றாம் பகுதியில் இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் கோட்டில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் விட்டம், மண்வரை இறங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மண் குடிக்கும்வரை, அதிகபட்சம் ஒரு லிட்டர் மருந்து நீர். 300 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஓர் அடி. ஆக, சுவர் ஓடும் நீளம் எத்தனை அடியோ ஏறக்குறைய அத்தனை துளை, அதிகபட்சம் அத்தனை லிட்டர். கணக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. நூற்றைம்பது அடி சுவருக்கு ஒருவர் முதுகில் ஒரு ஸ்ப்ரேயரோடு வந்து அரைமணியில் முடித்தால் அவர் தெளித்தது தரைக்கு, மண்ணுக்கு அல்ல.

மரத்துக்குத் தனி. நிலைச் சட்டத்தில் கண்ணில் படாத பக்கமாக 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, மரத்தின் உள்வரை கீழ்நோக்கிச் சாய்வாக, மெல்லிய 3 மில்லிமீட்டர் துளை போட்டு எண்ணெயில் கரைத்த மருந்தை ஊற்றி நிரப்ப வேண்டும். மண்ணெண்ணெயில் கலப்பார்கள் என்பதால் அன்று அந்தப் பக்கம் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

3 நவம்பர்

நேற்றைய கணக்கில் உள்சுவர்களையும் சேர்க்க வேண்டும், வெளிச்சுற்று மட்டும் போதாது. வெளியே துளைக்குப் பதில் சுவரை ஒட்டிச் சிறு பள்ளம் வெட்டி, அஸ்திவாரச் சுவரின் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் ஊற்றி மண்ணை மூடுவது முறை. சிமென்ட் தளம் போட்டிருந்தால் அங்கும் துளைதான்.

எந்த மருந்து? குளோர்பைரிபாஸ் 20 இசி (நூற்றுக்கு இருபது பங்கு மருந்து உள்ள திரவம்) என்றால் ஒரு லிட்டருக்குப் பத்தொன்பது லிட்டர் தண்ணீர், அதுதான் ஒரு சதவீதக் கரைசல். நெடி கடுமை. பைபென்த்ரின் விரட்டும் தன்மை உள்ளது; ஓர் அங்குலம் விட்டுப்போனாலும் கரையான் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து நுழையும். இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் இரண்டும் அதற்கு மணப்பதில்லை. தெரியாமல் நடந்து போய், ஒன்றையொன்று நக்கியும் ஊட்டியும் கூட்டத்துக்குள் பரப்பும். சாவு மெதுவாக வரும். குடியிருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் கேட்டு வாங்குவேன். முதல் வாரத்தில் கரையான் தெரிந்தால் "மருந்து போலி" என்று சண்டைக்குப் போகாதீர்கள், பொறுங்கள்.

சீல் உடைக்காத குப்பியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். இதை உரிமையோடு கேட்கலாம்.

3 நவம்பர், இரவு

அவசரமாக ஒன்று. கிணறோ, தரைக்கடி சம்ப்போ சுவரை ஒட்டி இருக்கிறதா? சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். பழைய சம்ப்பில் விரிசல் இருந்தால் மண்ணில் ஏற்றியது தண்ணீருக்குள் வரும். அந்தப் பக்கம் மண்ணுக்கு மருந்தே வேண்டாம். மரத்துக்கு மட்டும் போட்டு, ஈரத்தையும் விரிசலையும் அடைத்துச் சமாளியுங்கள். மீன் வளர்க்கும் தொட்டி, குளத்துக்கும் இதேதான், குளோர்பைரிபாஸும் பைபென்த்ரினும் மீனை உடனே கொல்லும்.

10 நவம்பர்

கைவைத்தியப் பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொன்றாக:

வேப்பெண்ணெய் தடவிய இடத்தைக் கரையான் கொஞ்ச நாள் தவிர்க்கும். புத்தக அலமாரியின் பின்பலகைக்கு நானும் தடவுவேன். நிலைக்குள் ஏற்கெனவே இருப்பதை அது ஒன்றும் செய்யாது.

உப்பை அஸ்திவார மண்ணில் கொட்டுவது: வேண்டவே வேண்டாம். கம்பி துருப்பிடிக்கும், சுவர் உப்புப் பூத்து உதிரும். கரையானைவிட அது பெரிய சேதம்.

கழிவு ஆயில் வேலிக்காலுக்கு ஊற்றுகிறார்கள். மண்ணைக் கெடுக்கும், வீட்டுக்குள் நினைக்கவே கூடாது.

உரக்கடையில் வாங்கித் தானே அடிப்பது: பலர் செய்கிறீர்கள், தடுத்தால் கேட்கப்போவதில்லை என்றும் தெரிகிறது. கையுறை, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குளோர்பைரிபாஸ் பட்டவருக்கு எச்சில் வழிந்தால், வேர்த்துக் கொட்டினால், கண்பாவை சுருங்கினால் குப்பியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள். தயவுசெய்து.

"அந்தக் காலத்து ஆல்ட்ரின் மாதிரி வருமா" என்று ஒரு பெரியவர். வராது ஐயா, அது மண்ணில் பல வருஷம் கிடக்கும். அப்படிக் கிடந்து உணவிலும் உடம்பிலும் சேர்வதால்தான் இந்தியாவில் 1996ல் தடை செய்தார்கள். யாராவது பழைய சரக்கு இருக்கிறது என்று கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

28 நவம்பர்

மழை ஓயாமல் கொட்டும்போது பள்ளம் வெட்டி ஊற்ற வேண்டாம். ஊறிய மண் குடிக்காது, மருந்து வழிந்து பக்கத்து வாய்க்காலுக்குத்தான் போகும். உள்ளே மரத்துக்கான வேலையை மட்டும் இப்போது செய்து, மண் வேலையைத் தைக்குத் தள்ளுங்கள். அதற்குள் நிலை விழுந்துவிடாது.

19 ஜனவரி 2025

மாமனார் வீட்டுக்கு மன்னார்குடி பக்கம் போயிருந்தேன். இரும்பு பீரோ, அதற்குள் என்ன வரும் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். சுவரை ஒட்டி நின்ற பீரோவின் பின்தகட்டு இடுக்கு வழியாக ஏறி, அடித்தட்டில் இருந்த நிலப் பத்திரம், மாமியாரின் கூறைப்புடவை, பழைய போட்டோ எல்லாவற்றையும் அரித்திருந்தது. மாமியார் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பத்திரத்துக்கு வழி உண்டு. பதிவான பத்திரமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். பதிவு எண்ணும் வருஷமும் தெரிந்தால் வேலை சுலபம். ஆகவே இன்றைக்கே எல்லாப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும் போனில் படம் எடுத்து, பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்க இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2 பிப்ரவரி

கும்பகோணத்தில் வேலை முடிந்தது. குழாய் மாற்றி, சுவர் காய்ந்த பிறகுதான் மருந்து போட்டார்கள். தரை உடைபடவில்லை. அலமாரியின் பின்பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள், அது மிஞ்சவே இல்லை. துளைகளை அடைத்த வெள்ளை சிமென்ட் டைல்ஸ் நிறத்துக்கு ஒத்துவரவில்லை என்று வீட்டம்மாவுக்கு வருத்தம். டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட், நிறம் கலந்தது, கடையில் கிடைக்கும்.

11 பிப்ரவரி

"வெளிநாட்டில் பெட்டி புதைத்து இரை வைக்கிறார்களே, தோலுரிக்க விடாமல் கூட்டத்தையே அழிக்கிறதாமே?" ஆமாம், அந்த வகை மருந்துகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஆனால் எல்லாக் கரையானுக்கும் ஒரே மாதிரி இல்லை. நம் ஊரில் புற்று கட்டும் ஓடோன்டோடெர்மஸ் இனங்கள் புற்றுக்குள் காளான் தோட்டம் வளர்ப்பவை. தின்ற மரத்தை அந்தக் காளான்தான் பக்குவப்படுத்துகிறது. மழைக்குப் பின் புற்றில் பூக்கும் புற்றுக்காளான் அதன் வெளித்தோற்றம். இந்த வகைக் கரையான்களிடம் மர இரை முறை அவ்வளவாக எடுபடுவதில்லை. மரத்தை நேராகத் தின்னும் வேறு இனங்கள் நகர வீடுகளில் உண்டு, அங்கே பலன் இருக்கும். எது என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இதை ஒட்டி: தோட்டத்துப் புற்றை இடிக்கணுமா என்று கேட்டவருக்கு, வேண்டாம். அம்மா பால் ஊற்றி மஞ்சள் வைக்கும் புற்று அப்படியே இருக்கட்டும். காய்ந்த இலையையும் பட்டுப்போன கிளையையும் மண்ணாக்குவது அதுதான். சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் நகர்த்த வேண்டும். தென்னை மரத்துப் பட்டையில் மண் ஏறியிருப்பதும் பெரும்பாலும் செத்த பட்டையைத் தின்பதுதான். கன்றாக இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

24 மே 2025

இந்த மாதம், மண்ணிலும் உடம்பிலும் நெடுங்காலம் தங்கும் நச்சுகளை ஒழிக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் குளோர்பைரிபாஸ் சேர்ந்துவிட்டது, சில விலக்குகளோடு. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திலிருந்து 2000ம் ஆண்டிலேயே விலக்கத் தொடங்கினார்கள். நவம்பரில் "நெடி கடுமை" என்று மட்டும் எழுதியிருந்தேன். இப்போது இறுக்கிச் சொல்கிறேன்: குடியிருக்கும் வீட்டுக்குள் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள், மலிவாகக் கொடுத்தாலும்.

8 ஜூன்

நிலையை மாற்றப்போகிறவர்களுக்கு. கல் நிலையோ இரும்பு நிலையோ வைத்தால் கரையான் போய்விடாது, அடுத்த மரத்துக்குப் போகும். மண் வேலையை முடித்துவிட்டு மாற்றுங்கள். தேக்குக்கு வராது என்பதும் பாதிதான் உண்மை. வைரம் பாய்ந்த நடுமரம் தாங்கும், வெளிர்நிற ஓரத்தைத் தின்றுவிடும். சட்டத்தில் அந்த ஓரம் கலந்திருந்தால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் மரத்தூண் மண்ணைத் தொடாது, கல் பீடத்தின்மேல் நிற்கும். நிலைக்காலையும் அப்படியே தரைக்குள் புதைக்காமல் கருங்கல் துண்டின்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். வெட்டிய அடிமுனைக்கு, பெயின்ட் ஏறுவதற்கு முன், மருந்து பூச வேண்டும். நிறுத்திய பிறகு அந்த முனைக்குக் கை எட்டாது, அதனால் தச்சர் வரும் அன்று நீங்களும் வீட்டில் இருங்கள்.